குதிரையின் வயிற்றைத் தேடுங்கள்: அமெரிக்கச் சமவெளிப் பூர்வகுடிகளின் பழைய முகாம்களை வரைபடத்தில் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் ஒரு குடும்பம் கூடாரத்தைப் பிரித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினால் பின்னால் என்ன மிஞ்சும்? கொஞ்சம் சாம்பல், காட்டெருமை எலும்பு, கூடாரத் தோலின் விளிம்பு காற்றில் பறக்காமலிருக்க வைத்த கற்கள். அவ்வளவுதான். கோட்டை கிடையாது, சுவர் கிடையாது, மேடு கிடையாது. செயன், அரப்பாஹோ, லக்கோட்டா, பிளாக்ஃபுட், கொமாஞ்சி மக்களின் முகாம்களைச் செயற்கைக்கோள் படத்தில் தேடப்போகிறவர்கள் இரண்டே நாளில் சலித்துப்போவதற்கு இதுதான் காரணம்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். மொன்டானாப் பக்கம் ஒரு சதுர மைலில் நாற்பது வட்டங்களைக் குறித்து வைத்துவிட்டு, அத்தனையும் டீப்பிக் கூடாரங்களின் கல்வளையங்கள் என்று குதித்தேன். பார்த்தால், மாடுகளுக்கு வைக்கோல் போடும் இரும்பு வளையத்தைச் சுற்றிக் குளம்படி பட்டு மொட்டையான தரை.

அதற்கப்புறம்தான் தேடும் பொருளை மாற்றினேன். ஆட்களைத் தேடாமல் குதிரையைத் தேடினேன். குதிரை எங்கே மேய்ந்திருக்கும், எங்கே குடித்திருக்கும், பனிக்காலத்தை எங்கே கழித்திருக்கும்? இந்தக் கேள்விகளுக்கு வரைபடம் பதில் சொல்லும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு யோசனையின் மேல்தான் நிற்கிறது.

முதலில் காலம், அப்புறம் அனுமதி

வட அமெரிக்காவில் குதிரை பனியுக முடிவில் அற்றுப்போய், ஸ்பானியர்களோடு திரும்ப வந்த விலங்கு. 1680-இல் பியூப்லோ மக்கள் கிளர்ந்தெழுந்து ஸ்பானியர்களை நியூ மெக்சிகோவிலிருந்து விரட்டியபோதுதான் குதிரைகள் வடக்கே பரவின என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2023-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, பழைய குதிரை எலும்புகளை வைத்து, 17-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே குதிரை பூர்வகுடிகளிடம் இருந்ததைக் காட்டியது. தங்கள் முன்னோருக்கு அதற்கு முன்பே குதிரை தெரியும் என்று அம்மக்கள் சொல்லிவந்ததற்கு இது வலுச்சேர்த்தது. வடக்கே பிளாக்ஃபுட் மக்களிடம் குதிரை வந்துசேர்ந்தது 1730-களை ஒட்டி. 1880-களுக்குள் எல்லோரும் ஒதுக்கிய நிலங்களுக்குள் அடைக்கப்பட்டுவிட்டார்கள். ஆக, நீங்கள் தேடும் காலம் இடத்தைப் பொறுத்து 150 முதல் 250 ஆண்டுகள்.

அனுமதியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பல பூர்வகுடி அரசுகளுக்குத் தங்கள் மரபிடங்களைப் பார்த்துக்கொள்ள ஓர் அலுவலகம் உண்டு. எந்த நிலப்பகுதியைப் பார்க்கப் போகிறீர்கள், எதற்காக, கிடைத்ததை என்ன செய்வீர்கள் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். ‘அங்கே வேண்டாம்’ என்று பதில் வந்தால், அங்கே வேண்டாம். புதைத்த இடங்களும் சடங்கிடங்களும் இருக்கும். அவற்றை அவர்கள் உங்களுக்கு விளக்க வேண்டிய கட்டாயமில்லை.

கணினியில் அடுக்குவது

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் போதும், இலவசம். புதுத் திட்டம் திறந்ததும் ஆய அமைப்பை, அதாவது இடத்தை எண்களால் குறிக்கும் முறையை, தீர்மானித்துவிடுங்கள். கிழக்குக் கொலராடோவின் பெரும்பகுதிக்கு நாட்83 அடிப்படையிலான யூடிஎம் (மீட்டரில் அளக்கும் கட்ட அமைப்பு) மண்டலம் 13; மென்பொருளில் அதன் குறியெண் இபிஎஸ்ஜி 26913. மத்திய மொன்டானாவுக்கு மண்டலம் 12, இபிஎஸ்ஜி 26912. பழைய நிலவரைபடத் தாள்கள் நாட்27 என்ற முந்தைய அளவை அடிப்படையில் இருக்கும். அதைக் கவனிக்காமல் யூடிஎம் எண்களை அப்படியே தட்டச்சு செய்தால் புள்ளி வடக்கு தெற்காக 200 மீட்டர் வரை தள்ளி விழும். ஆற்றோர முகாமை ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் வைக்க அது தாராளம்.

பழைய காகிதங்கள்: நேரத்தை இங்கே செலவிடுங்கள்

பலர் நேரே லைடாருக்கு, அதாவது விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி நில உயரத்தை அளந்த தரவுக்கு, ஓடுகிறார்கள். நான் பழைய நில அளவைப் பதிவுகளிலிருந்துதான் தொடங்குவேன். அமெரிக்கப் பொது நில அலுவலகத்தின் அளவையாளர்கள் 19-ஆம் நூற்றாண்டில் சமவெளி முழுதும் நடந்து, நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் டவுன்ஷிப்புகளாகவும், ஒவ்வொன்றையும் ஒரு மைல் சதுரமான 36 செக்‌ஷன்களாகவும் பிரித்தார்கள். வழியில் குறுக்கிட்ட ஓடை, மரத்தோப்பு, பாதை எல்லாவற்றையும் குறித்தார்கள். அந்தப் படங்களும் களக்குறிப்புகளும் ஸ்கேன் செய்யப்பட்டு, கூட்டரசு நில மேலாண்மைத் துறையின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பல தாள்களில் ‘இந்தியப் பாதை’ என்று புள்ளிக்கோடு ஓடும்.

ஒரு மாதிரி வரியை எடுத்துக்கொள்வோம். ‘14, 15-ஆம் செக்‌ஷன்களுக்கு இடையே வடக்கு நோக்கி. 32.50, இந்தியப் பாதை, வடமேற்கு’ என்று குறிப்பில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எண் சங்கிலிக் கணக்கு. ஒரு சங்கிலி 66 அடி, அதாவது 20.1168 மீட்டர், 80 சங்கிலி ஒரு மைல். 32.50 சங்கிலி என்றால் 654 மீட்டர். 14, 15, 22, 23 ஆகிய நான்கு செக்‌ஷன்களும் கூடும் மூலையிலிருந்து செக்‌ஷன் கோட்டில் வடக்கே 654 மீட்டர் அளந்து ஒரு புள்ளி. அடுத்த கோட்டில் அதே பாதை குறுக்கிடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் பாதை.

இதில் ஒரு சூட்சுமம். அளவையாளர் நடந்தது செக்‌ஷன் கோடுகளின் மேல் மட்டும். கோட்டைப் பாதை வெட்டும் புள்ளியை நம்பலாம். செக்‌ஷனுக்கு நடுவில் அந்தப் பாதை அழகாக வளைந்து போவதை நம்பாதீர்கள். அது எங்கோ ஓர் அலுவலகத்தில் படம் வரைந்தவர் கைவாகில் இழுத்தது.

தாளை நிலத்தோடு பொருத்த, கியூஜிஐஎஸ்ஸில் அதற்கென உள்ள ஜியோரெஃபரென்சர் கருவியைத் திறந்து, டவுன்ஷிப்பின் நான்கு மூலைகளோடு உள்ளே சில செக்‌ஷன் மூலைகளையும் இன்றைய செக்‌ஷன் அடுக்கோடு இணையுங்கள். தாளை வளைக்காமல் நகர்த்தி, திருப்பி, நீட்டிப் பொருத்தும் முதல்படிப் பல்லுறுப்பு உருமாற்றமே போதும். பிழை குறைவாகக் காட்டுகிறதே என்று மூன்றாம் படிக்குப் போனால் தாள் ரப்பர் மாதிரி இழுபடும்.

எல்லா வரைபடத்தையும் இப்படி இழுத்து ஒட்ட முடியாது. 1801-இல் பிளாக்ஃபுட் தலைவர் அக் கோ மொக் கி, ஹட்சன் பே நிறுவனத்தின் பீட்டர் ஃபிட்லருக்காக மேல் மிசௌரி நாட்டின் வரைபடம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். ராக்கி மலைத்தொடர் அதில் நேர்கோடு; ஆறுகள் கிளைகளாகப் பிரிகின்றன. அதைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்த நினைப்பது, ரயில் தடப் படத்தை ஊர் வரைபடத்தின் மேல் ஒட்டுவது மாதிரி. அதிலிருந்து எடுக்க வேண்டியது வரிசை: எந்த ஆற்றுக்கு அடுத்து எந்த ஆறு, எந்த மலை எதற்குக் குறி, எந்த மக்கள் எந்தப் பக்கம். அதை ஓர் அட்டவணையாக எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தின் வலு தெரிய சாண்ட் கிரீக் கதையைப் பார்க்கலாம். 1864 நவம்பர் 29 விடியலில், அமெரிக்கக் கர்னல் சிவிங்டனின் படை கொலராடோவில் பிக் சாண்டி ஓடைக்கரையில் முகாமிட்டிருந்த செயன், அரப்பாஹோ மக்கள்மேல் பாய்ந்தது. முகாமில் ஏறக்குறைய 750 பேர். சுமார் 230 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். நூறாண்டு கழித்து, அது நடந்த துல்லியமான இடம் எது என்பதே சந்தேகமாகிவிட்டது. 1950-இல் ஓடையின் ஒரு பெரிய வளைவுக்கு மேலே நினைவுக்கல் நட்டிருந்தார்கள். 1990-களில் அந்த வளைவில் மெட்டல் டிடெக்டரோடு தேடியபோது எதிர்பார்த்த அளவுக்கு எதுவும் அகப்படவில்லை. 1998-இல் இடத்தைக் கண்டறியச் சட்டமே போட்டார்கள்.

அப்போது கைகொடுத்தவற்றில் ஒன்று, லெப்டினன்ட் சாமுவேல் பான்சால் 1868-இல், படுகொலைக்கு நான்கே ஆண்டு கழித்து, வழிநடையில் வரைந்த படம். அதில் அந்த இடம் குறிக்கப்பட்டிருந்தது. அதனோடு 1930-களின் வான்படங்கள், ஓடை எங்கெங்கே இடம் மாறியது என்ற மண்ணியல் ஆய்வு, வழித்தோன்றல்களின் வாய்மொழி வரலாறு எல்லாவற்றையும் சேர்த்து 1999-இல் களத்தில் இறங்கினார்கள். நினைவுக்கல் வளைவுக்கு ஏறக்குறைய ஒரு மைல் மேலே சமையல் பாத்திரத் துண்டுகளும், துப்பாக்கிக் குண்டுகளும், 12 பவுண்டு மலைப் பீரங்கியின் வெடிகுண்டுச் சில்லுகளும் கிடைத்தன.

கதை அதோடு முடியவில்லை. அன்று உயிர் தப்பிய ஜார்ஜ் பென்ட் பின்னாளில் வரைந்த படங்கள் முகாமை வளைவுக்குள்ளேயே காட்டின. வழித்தோன்றல்கள் பலர் அதையே உறுதியாகப் பிடித்தார்கள். 2007-இல் தேசிய வரலாற்றிடமாகத் திறந்தபோது அதன் எல்லைக்குள் இரண்டு இடமும் அடங்கின. ஒரு புள்ளிதான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் பெரிய பரப்பாக வரைந்தது நல்ல வரைபட வேலை என்பேன்.

1930-களின் வான்படம்

அமெரிக்க வேளாண்துறை 1930-களின் இறுதியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் 1:20,000 அளவு. பெரிய அணைகளும் வட்டப் பாசனமும் வருவதற்கு முந்தைய நிலம் அதில் அப்படியே இருக்கிறது. ஆற்றின் பழைய தடத்தையும் பருத்திமரத் (ஆற்றோரம் வளரும் காட்டன்வுட் மரம், நம்மூர்ப் பருத்தியல்ல) தோப்புகளையும் அதிலிருந்து வரைந்துகொள்ளுங்கள். இன்றைய ஆற்றை வைத்து ‘நீர் 100 மீட்டரில்’ என்று கணக்குப் போட்டால், முகாம் எங்கே இருந்திருக்கும் என்று சொல்லும் கணினி மாதிரி முழுதும் வழுக்கிவிடும்.

குதிரைக் கணக்கு

இருபது கூடாரம், கூடாரத்துக்குப் பத்துக் குதிரை என்று வையுங்கள். 200 குதிரை. ஒரு குதிரைக்கு நாளுக்கு 8 கிலோ உலர்புல் என்றால் 1,600 கிலோ. குட்டைப்புல் நிலத்தில் ஹெக்டேருக்கு ஆண்டில் 1,000 கிலோ விளைந்து, பாதியை மேயலாம் என்று கொண்டால் 500 கிலோ. ஆக, நாளொன்றுக்கு 3 ஹெக்டேருக்குச் சற்று மேல். பத்து நாளில் 32 ஹெக்டேர். தண்ணீர் நாளுக்கு 6,000 லிட்டர். இது என் கைக்கணக்குதான், மழை குறைந்தால் இன்னும் மோசம். ஆனாலும் இரண்டு விஷயம் தெரிகிறது. சின்ன ஊற்றை நம்பிப் பெரிய முகாம் நிற்காது. எவ்வளவு நல்ல இடமானாலும் சீக்கிரம் கிளம்பியாக வேண்டும்.

பனிக்காலம் வேறு கணக்கு. புல்லைப் பனி மூடினால் பருத்திமரத்தின் பட்டையையும் கிளையையும் வெட்டிப் போட்டுக் குதிரையைக் காப்பாற்றினார்கள். எனவே பனிக்கால முகாமுக்கு வேண்டியது: காற்று அடிக்காத பள்ளத்தாக்கு, விறகு, பருத்திமரம். மொன்டானா, அல்பெர்ட்டா மேற்கில் சினூக் என்ற வெப்பக்காற்று பனியை உருக்கிப் புல்லைத் திறந்துவிடும் இடங்களும் உண்டு.

இதை அடுக்குகளாக மாற்றுவது சுலபம். நிலத்தின் உயரத்தைப் புள்ளிபுள்ளியாகச் சொல்லும் உயர மாதிரியிலிருந்து சரிவு எடுங்கள்; 5 பாகைக்குக் கீழே நல்லது. பழைய ஆற்றுத்தடத்திலிருந்து தூரம். 1930-களின் தோப்பு எல்லை. அக்டோபரில் இலை மஞ்சளாகும்போது எடுத்த சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இன்று மிஞ்சியிருக்கும் தோப்பைச் சரிபார்க்க உதவும். வடமேற்குக் காற்றுக்கு மறைவான திசைச்சரிவு. கோடைக்கு ஒரு மாதிரி, பனிக்காலத்துக்கு ஒரு மாதிரி எனத் தனித்தனியாக ஓட்டுங்கள். ஒன்றாகக் கலந்தால் எங்கும் சுமாராகப் பொருந்தும், எதற்கும் உதவாத ஒரு மஞ்சள் படம்தான் வரும்.

பயணத்தூரத்துக்குப் பலர், சரிவைப் பொறுத்து நடைவேகத்தைச் சொல்லும் டோப்லர் (Tobler) நடைச் சூத்திரத்தைப் போடுவார்கள்: சமதளத்தில் நடைக்கு மணிக்கு 5 கிலோமீட்டர், குதிரைமேல் போனால் அதை 1.25-ஆல் பெருக்கு. தனி வீரனுக்கு அது சரி. முகாம் மொத்தமாக நகரும்போது குதிரை இழுப்பது டிரவாய். இரண்டு கூடாரக் கம்புகள் தரையில் உரச, அதன்மேல் மூட்டை. பக்கவாட்டுச் சரிவில் அது கவிழும். ஆகவே பக்கச்சரிவுக்குக் கூடுதல் தண்டனை மதிப்பெண் போட்டுக் கணக்கிடுங்கள். பாதை அப்போது மலைச்சரிவை விட்டு முகட்டுக்கு ஏறும்.

மாதிரி உருப்படியா என்று சோதிக்க, ஏற்கெனவே தெரிந்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கை மாதிரி கட்டும்போது ஒளித்துவையுங்கள். ‘நல்ல இடம்’ என்று மாதிரி சொல்லும் பரப்பு மொத்தத்தில் 20 விழுக்காடு, அதற்குள் ஒளித்துவைத்த இடங்களில் 70 விழுக்காடு விழுந்தது என்றால், மாதிரியின் திறனை அளக்கும் க்வாமி ஆதாயம் 1 − 20/70 = 0.71. பூச்சியத்தை ஒட்டினால் காசைச் சுண்டிப் போட்டதற்குச் சமம். 0.71 வந்ததும் துள்ள வேண்டாம். தெரிந்த இடங்கள் பல, சாலையும் குழாயும் போட்டபோது அகப்பட்டவை. உங்கள் மாதிரி கண்டுபிடித்தது குழாய்ப்பாதையாகக்கூட இருக்கலாம்.

லைடாரில் எது தெரியும், எது தெரியாது

அமெரிக்க நிலவியல் துறையின் ஒரு மீட்டர் உயர மாதிரி இலவசம். அந்தத் தர லைடாரில் சதுர மீட்டருக்கு இரண்டு புள்ளி, உயரப் பிழை 10 சென்டிமீட்டர் அளவில். மண்ணில் பாதி புதைந்த 20 சென்டிமீட்டர் கல் அதில் தெரியவே தெரியாது. தெரிவது: பாதைகள் அறுத்த பள்ளம், பழைய ஆற்றுத்தடம், படிநிலங்களின் விளிம்பு, காட்டெருமை புரண்ட குழிகள்.

நிலத்தின்மேல் சாய்வாக ஒளி விழுவதுபோல் நிழல் காட்டும் சாய்வொளிப் படத்தைத் தொடக்க அமைப்பான 45 பாகை உயரத்திலேயே விட்டால் சமவெளி மொழுக்கென்று இருக்கும். ஒளியை 15 பாகைக்கு இறக்கி, உயரத்தை நான்கு மடங்காகப் பெருக்குங்கள். ஒரே திசை ஒளி, அதே திசையில் ஓடும் கோட்டை விழுங்கிவிடும். எட்டுத் திசையிலும் போட்டுப் பாருங்கள். ஸ்லோவேனிய ஆய்வாளர்களின் ஆர்விடி என்ற நிலவடிவக் காட்சிச் செருகுநிரலில் வான்காட்சிக் காரணி (ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வானம் எவ்வளவு தெரியும் என்ற அளவு) எடுத்தால் பாதைப்பள்ளங்கள் கறுப்பு நூலாக எழும். அங்கே பக்கத்தில் பக்கத்தில் ஐந்தாறு பள்ளங்கள் சடைபோல ஓடினால் நின்று பாருங்கள். ஒன்று ஆழமானதும் அடுத்ததில் ஏறிப் பலகாலம் பலர் போன வழி. ஆனால் வெள்ளையர் மாட்டுவண்டித் தடமும் அப்படித்தான் இருக்கும். அளவையாளர் குறிப்பு இல்லாமல் முடிவுகட்டாதீர்கள்.

கல்வளையத்துக்கு டிரோன்தான். 60 மீட்டர் உயரத்தில் பறந்தால், கேமராவைப் பொறுத்து, ஒரு படப்புள்ளி 2 சென்டிமீட்டர் அளவில் வரும். பனி உருகி, புது புல் எழும்புவதற்கு முந்தைய சில வாரங்கள்தான் பருவம். வெயில் தாழ்ந்திருக்கும் காலை, மாலை. வெப்பக் கேமரா இருந்தால் விடியலுக்கு முன் பறக்கலாம், இரவு விமான விதிகளைப் பார்த்துக்கொண்டு. மண்ணை விடக் கல் மெதுவாக ஆறும். தேசியப் பூங்காக்களில் டிரோனுக்குத் தடை. பூர்வகுடி நிலத்தில் அவர்கள் சம்மதமின்றி வேண்டாம்.

வளையம் கிடைத்தால் குதிரைக்காலம் என்று அர்த்தமில்லை

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. கல்வளையங்களில் மிகப்பல குதிரைக்கு முந்தியவை. இரும்புக் கோடரி கைக்கு வந்தபின் மரமுளை சீவி அடிப்பது எளிதாயிற்று, கல் தேவைப்படவில்லை. மரத்தோப்புப் பனிக்கால முகாம்களிலும் கல் அரிது. அதாவது குதிரைக்காலம் நெருங்க நெருங்கத் தடயம் மெலிகிறது.

வளையத்தின் அளவு கொஞ்சம் பேசும். கூடாரத்தை நாய் இழுத்த நாளில் தோல் சின்னது. குதிரை வந்ததும் நீண்ட கம்பும் பெரிய கூடாரமும் இழுக்க முடிந்தது. பிளாக்ஃபுட் மொழியில் குதிரைக்குப் பெயரே எல்க் நாய் (எல்க் என்பது பெரிய மான்). லக்கோட்டா மொழியில் புனித நாய். ஆனாலும் விட்டம் 6 மீட்டர் என்பதற்காக மட்டும் காலம் சொல்லாதீர்கள். கண்ணாடி மணி, இரும்பு அம்புமுனை, செம்புத் துண்டு, குதிரை எலும்பு இவற்றில் ஏதாவது துணைக்கு வேண்டும். வளையத்தின் கிழக்குப் பக்கம் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். வாசல் வழக்கமாகக் கிழக்கே.

பொய்வட்டங்கள்: வைக்கோல் வளையம், அறுவடை எறும்புப் புற்றைச் சுற்றிய மொட்டைத்தரை, காளான் வளையம், பழைய தொட்டியடி. ஒவ்வொரு சந்தேக வட்டத்துக்கும் வெவ்வேறு ஆண்டின் மூன்று படமாவது பாருங்கள். இடம் மாறும் வட்டம் மாட்டுக்காரருடையது.

எல்லா முகாமும் மேலிருந்து தெரியாது. நியூ மெக்சிகோவில் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கின் பாறைகளில் குதிரையும் வீரரும் நிறைந்த கொமாஞ்சிக் கீறல்கள் மெல்லிய நகக்கீறல் போலத்தான் இருக்கின்றன. பல ஆண்டு யாரும் கவனிக்காமல் கடந்துபோனார்கள். பாறைக்கு முன்னால் ஒளியைப் பக்கவாட்டில் பிடித்துத்தான் பார்க்க முடியும்.

களத்தில்

திரையில் தேர்ந்த பத்து இடத்தோடு, மாதிரி ‘மோசம்’ என்று தள்ளிய ஐந்து இடத்தையும் போய்ப் பாருங்கள். அங்கேயும் ஏதாவது இருந்தால் மாதிரியில்தான் கோளாறு. எதையும் தோண்டாதீர்கள், எடுக்காதீர்கள். கூட்டரசு நிலத்தில் நூறாண்டு தாண்டிய தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பது 1979-ஆம் ஆண்டுத் தொல்வளப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தனியார் நிலமென்றால் உரிமையாளரிடம் முதலில் பேசுங்கள். ஜிபிஎஸ் புள்ளி, அளவுகோலோடு படம், வளையத்தின் இரண்டு விட்டம், கற்களின் எண்ணிக்கை. போதும்.

கோப்பு யாரிடம் இருக்க வேண்டும்

அதே சட்டம் இருப்பிடத் தகவலைப் பொதுவில் விடக்கூடாது என்றும் சொல்கிறது. அம்புமுனை பொறுக்குவோர் காத்திருக்கிறார்கள். துல்லியப் புள்ளிகளைத் தனி ஜியோபேக்கேஜ் (வரைபடத் தரவு வடிவம்) கோப்பில், கடவுச்சொல்லோடு, மேகச் சேமிப்பில் இல்லாமல் வையுங்கள். டிரோன் படங்களின் உள்ளே ஒளிந்திருக்கும் ஆயங்களை வெளியிடுமுன் நீக்குங்கள். அதை மறந்துவிட்டுப் படத்தை மட்டும் மங்கலாக்குகிறவர்கள் உண்டு. முழுக் கோப்பின் ஒரு பிரதி, தொடக்கத்தில் கடிதம் எழுதினீர்களே, அந்த மரபிட அலுவலகத்துக்கு. ஊருக்குக் காட்டும் வரைபடத்தில் புள்ளி வேண்டாம். இடம் விழும் ஆறு மைல் சதுரத்தை மட்டும் நிறமடித்துக் காட்டுங்கள்.